நான் ஹாபிட்தான்

கோத்தகிரியில் நேற்று ராத்திரி கரண்ட் போய்விட்டது. அண்ணன் மகன் கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "சித்தப்பா, டோல்கீன் உலகத்துல பொறக்கணும்னா நீங்க எல்ஃபா, ட்வார்ஃபா, ஹாபிட்டா?" என்றான். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதை எழுதிய டோல்கீனைத்தான் சொல்கிறான்; அவர் கதைகளில் எல்ஃப் என்றால் சாகாவரம் பெற்றவர்கள், ட்வார்ஃப் என்றால் சுரங்கம் தோண்டும் குள்ளர்கள், ஹாபிட் என்றால் அவர்களைவிடவும் குட்டையான, சாப்பாட்டுப் பிரியர்கள்.

யோசிக்கவே இல்லை, ஹாபிட்தான், ஊர் ஹாபிட்கள் வாழும் ஷையர்தான். கிடைத்தால் ஒரு நாளைக்கு 6 வேளை சாப்பாடு, குன்றைக் குடைந்து வட்டக் கதவு போட்ட வீடு, பிறந்தநாள் வந்தால் நாம்தான் மற்றவர்களுக்குப் பரிசு கொடுக்க வேண்டும் (இது மட்டும் கொஞ்சம் இடிக்கிறது). அந்த வீட்டை நினைத்தாலே எங்கள் தேயிலைச் சரிவுதான் கண்ணில் வருகிறது, மழைக்காலத்தில் மண் சரிந்தால் என்ன செய்வது என்ற கவலையும் கூடவே வந்துவிடுகிறது.

எல்ஃபுக்கு மூப்பே கிடையாது, அத்தனை ஆயிரம் வருஷம் எனக்குப் பொறுமை இல்லை. ட்வார்ஃப் வேண்டவே வேண்டாம், டிசம்பரில் கொஞ்சம் வெயிலுக்காக வாசலில் தவம் கிடப்பவன் சுரங்கத்துக்குள் போய் என்ன செய்வான்?

ஒரே சிக்கல், ஹாபிட்கள் செருப்பு போடுவதில்லை. ஜனவரி உறைபனியில், விடிகாலையில், வெள்ளையாய் மொறுமொறுக்கும் புல்லில் வெறுங்காலா? "அதான் பாதத்துல முடி இருக்கே சித்தப்பா" என்றான்.

சரி, அங்கே டீக்கு வர்க்கி கிடைக்குமா என்று கேட்டேன். தூங்கிவிட்டிருந்தான்.