சொற்பொழிவு கேட்கப் பழகிய பதினெட்டு வாரங்கள்

அச்சு வந்தபின் வாசிப்புப் பழக்கம் மாறிய விதத்தைப் பற்றிய ஒரு மணி நேரச் சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வந்த அன்று, தோழி ஒருத்தி, "சரி, அவர் என்னதான் சொன்னார்?" என்று கேட்டாள். பேச்சாளர் சொன்ன இரண்டு நகைச்சுவைகளையும், அவருடைய தாத்தாவின் மூக்குக்கண்ணாடி தொலைந்த கதையையும் குறைவின்றிச் சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கையில் 9 பக்கக் குறிப்புகள் இருந்தன. அவற்றைப் புரட்டியும், அந்த ஒரு மணி நேரமும் எதை நிறுவுவதற்காகப் பேசப்பட்டது என்பதை என்னால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை. பல ஆண்டுகளாக உரைகள் கேட்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருப்பவனுக்கு இது சிறிய அதிர்ச்சி அன்று. அடுத்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கேட்பதைப் பயிற்சியாகச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். அந்த நோட்டில் எழுதியவற்றின் தொகுப்பே இது.

அளவுகோல் இல்லாமல் முன்னேற்றத்தைப் பற்றிப் பேச முடியாது என்பதால், ஒலிப்பதிவாகக் கிடைக்கும் 40 முதல் 50 நிமிட உரைகளையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டேன், வாரத்துக்கு ஒன்று. நேரில் கேட்பதைப் போலவே இடையில் நிறுத்தாமலும் பின்னால் ஓட்டாமலும் ஒரே முறை கேட்பேன். முடிந்ததும் குறிப்புகளை மூடிவைத்து, உரையின் மையக் கருத்தை ஒரு வாக்கியத்திலும், அதைத் தாங்கும் காரணங்களை வரிசையாகவும் எழுதுவேன். மறுநாள் அதே பயிற்சியை மீண்டும் செய்வேன். அதன் பிறகே ஒலிப்பதிவை இரண்டாம் முறை, தேவையான இடங்களில் நிறுத்தி, கேட்டு, நான் எழுதியதைத் திருத்துவேன். மதிப்பெண் போட்டுக்கொள்பவனும் நானே என்பதால் சிறிது சலுகை காட்டியிருப்பேன். அதற்காகவே மூன்று உரைகளைத் தோழியிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். அவள் போட்ட மதிப்பெண் மூன்றிலும் என்னுடையதைவிடக் குறைவு.

முதல் நான்கு வாரங்களில் எந்த மாற்றமும் செய்யாமல், வழக்கம்போல் ஓயாமல் எழுதிக்கொண்டே கேட்டேன். நான்கு உரைகளில் ஒன்றின் மையக் கருத்தை மட்டுமே சரியாகப் பிடித்திருந்தேன். நான்கிலும் சேர்த்து 23 முக்கியக் காரணங்கள் இருந்தன. உடனே நினைவுக்கு வந்தவை 8, மறுநாள் எஞ்சியவை 5. ஆனால் அதே உரைகளில் வந்த 12 குட்டிக்கதைகளில் 11 எனக்கு நினைவிருந்தன. இந்த எண்ணிக்கையைப் பார்த்தபோது பள்ளியில் படித்த நன்னூல்தான் நினைவுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த இலக்கண நூலின் பாயிரத்தில், மாணாக்கர்களை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டு உவமைகளால் தரம் பிரிக்கும் நூற்பா ஒன்று உண்டு. இல்லிக்குடம் ஓட்டைக்குடம். நெய்யரி என்பது நெய்யை வடிகட்டும் பன்னாடை; நல்ல நெய்யை ஒழுகவிட்டுக் கசடை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வது. பன்னாடை என்னும் சொல் பின்னாளில் வசவாக மாறியதில் நியாயம் இருக்கிறது என்று அன்று தோன்றியது. என் குறை மறதி என்று எண்ணியிருந்தேன். நான் ஓட்டைக்குடம் அல்லன், நெய்யரி என்பதை அந்த 11 கதைகள் காட்டிக்கொடுத்தன.

இவ்வளவு எழுதியும் ஏன் ஒன்றும் தங்கவில்லை என்பதை அறிய ஒரு கணக்குப் போட்டேன். ஒரு பேச்சாளரின் ஐந்து நிமிடப் பேச்சை அப்படியே எழுத்தில் வடித்து எண்ணியதில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 95 சொற்கள் வந்தன. நான் வேகமாகக் கையால் எழுதினால் நிமிடத்துக்கு 18 சொற்களைத் தாண்டுவதில்லை. ஆகவே ஐந்தில் நான்கு பங்கு எப்படியும் தவறிப்போகும். எது தவறுகிறது என்பதை என் அறிவு தீர்மானிக்கவில்லை, அந்த நொடியில் பேனா எங்கே இருந்தது என்பதே தீர்மானித்தது. கணினியில் தட்டச்சு செய்தால் வேகம் கூடும் என்று பலர் சொல்வார்கள். பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்னும் இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் பேச்சை ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் பதிவு செய்தார்கள் என்றும், கருத்தை விளங்கிக்கொள்வதைச் சோதிக்கும் கேள்விகளில் கையால் எழுதியவர்களைவிடப் பின்தங்கினார்கள் என்றும் காட்டியது. பின்னர் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு வேறுபாடு அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை என்பதால், அதைக் கைக்கும் கணினிக்கும் இடையிலான வழக்காக நான் எடுத்துக்கொள்ளவில்லை. நான் கையால் எழுதியே, நன்னூல் சொல்லும் கிளியாக இருந்தேன். சொன்னதைச் சொல்லும், அதற்குமேல் எதுவும் அறியாது.

ஐந்தாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை பேனாவை அறவே ஒதுக்கினேன். இதில் மதிப்பெண் சிறிதளவே உயர்ந்தது. ஆனால் மொத்தப் பயிற்சியிலும் அதிகம் கற்றுக்கொடுத்த காலம் இதுதான். எழுதுவதற்குப் பதிலாக, மனம் பேச்சை விட்டு விலகியதை உணரும் ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் ஒரு கோடு போட்டேன். முதல் உரையில் 45 நிமிடங்களுக்கு 23 கோடுகள் விழுந்தன. உணராமல் விலகியவை கணக்கில் சேரா. சலிப்பே காரணமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு, எந்த இடத்தில் எதனால் விலகினேன் என்று குறித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. சலிப்பூட்டும் பகுதிகளைவிடச் சுவையான பகுதிகளிலேயே அதிகமாக விலகியிருந்தேன். பேச்சாளர் ஒரு நல்ல கருத்தைச் சொன்னவுடன், அதைப் பற்றி எனக்குத் தெரிந்த இன்னொன்று நினைவுக்கு வரும்; அதன் பின்னாலேயே போய்விடுவேன். அடுத்தபடியான காரணம், மனத்துக்குள் எழுதிய மறுப்புரை. அவர் சொன்ன ஒன்று தவறு என்று பட்டதும் அதற்குப் பதில் தயாரிக்கத் தொடங்கிவிடுவேன். அந்தப் பதில் முழுமை பெறும்போது அவர் இரண்டு படி மேலே போயிருப்பார், சில நேரங்களில் என் மறுப்புக்கு அவரே விடை சொல்லி முடித்திருப்பார்.

மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கேட்கும் திறனை நெடுங்காலம் ஆராய்ந்த ரால்ஃப் நிக்கோல்ஸ், 1957இல் எழுதியவற்றில் இந்த விலகலுக்குக் காரணம் சொல்லியிருக்கிறார். பேச்சின் வேகம் குறைவு, எண்ணத்தின் வேகம் அதைவிட மிகுதி. இடையில் மிஞ்சும் நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மனம் ஊர்சுற்றப் போகிறது என்பது அவர் விளக்கம். அந்த மிச்ச நேரத்துக்கு அவர் நான்கு வேலைகள் தருகிறார்: அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டி எண்ணுதல், சொல்லப்படும் சான்றின் வலிமையை எடைபோடுதல், இதுவரை வந்ததை அவ்வப்போது மனத்துக்குள் சுருக்கிப் பார்த்தல், சொல்லாமல் விடப்பட்டதைக் கவனித்தல். நான்கையும் முயன்றேன். முன்கூட்டி எண்ணுவது எனக்கு மிகவும் உதவியது. என் ஊகம் பலித்தால் அந்தக் கருத்து இருமுறை கேட்டதாகிவிடும். பொய்த்தால் அந்த வியப்பே கருத்தை நினைவில் ஒட்டவைக்கும். எடைபோடுவது எனக்கு ஆபத்தாக முடிந்தது, ஏனென்றால் அது உடனே மறுப்புரையாக வளர்ந்துவிடுகிறது. நான்காவது, பேச்சாளரை நன்கு அறிந்தவர்களுக்கே கைகூடும் என்று தோன்றுகிறது, விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் வாரத்தில், அதுவரை செய்த பிழைகளையெல்லாம் ஒரே தாளில் எழுதி வகைப்படுத்தியபோது, எதிர்பாராத ஒரு வகை கிடைத்தது. மூன்று உரைகளில், பேச்சாளர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய பிறர் கருத்தை, அவருடைய கருத்தாகவே பதிந்திருந்தேன். கவனக்குறைவு என்று தள்ளிவிடப் பார்த்தேன். ஒலிப்பதிவைக் கேட்டபோது காரணம் நம் மொழியின் வாக்கிய அமைப்பிலும் இருப்பது தெரிந்தது. தமிழில் சொல்லப்பட்ட கருத்து முதலில் வருகிறது. அது யாருடையது, ஏற்கப்படுகிறதா தள்ளப்படுகிறதா என்பதெல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. "அச்சு இயந்திரம் வந்ததனால்தான் எழுத்தறிவு பரவியது, பள்ளிகள் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தவையே" என்று பேச்சாளர் முழங்குவதைக் கேட்டுத் தலையசைத்துக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தால், "என்று நெடுங்காலமாக நம்பி வந்தோம்" என்று அவர் முடிக்கிறார். எதிர்மறையும் அப்படியே, "இல்லை", "அன்று", "முடியாது" என்பவை வினைமுற்றோடு ஒட்டிக் கடைசியில்தான் வரும். தேர்ந்த பேச்சாளர்கள் எதிர்த்தரப்பை வலுவாக எடுத்துரைத்துவிட்டு, ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு அந்த "என்று" சொல்வார்கள். அந்த ஒரு மூச்சு நேரத்தில் நான் எழுதக் குனிந்திருந்தேன்.

இதற்கு நான் வைத்துக்கொண்ட விதி எளியது: வினைமுற்று காதில் விழும்வரை எதையும் தீர்மானிக்கக் கூடாது, பேனாவைத் தொடவும் கூடாது. கடைப்பிடிப்பதுதான் எளிதன்று. நீண்ட வாக்கியத்தை முடியும்வரை மனத்தில் தாங்கிக்கொண்டிருப்பது முதல் இரண்டு வாரங்களில் உண்மையிலேயே களைப்பைத் தந்தது. மூன்றாம் வாரத்தில் அந்தக் களைப்பு குறைந்தது. கூடவே, திருப்பத்தைக் காட்டும் சொற்களுக்குச் செவியைத் தீட்டினேன். "ஆனால்" என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதைவிட எனக்கு அதிகமாகப் பயன்பட்டவை, "இதை ஏன் சொல்கிறேன் என்றால்", "சரி, அப்படியானால்", "இங்கேதான் சிக்கல்" போன்றவை. முதலாவது எப்போதும் கதைக்குப் பின்னால் வருகிறது. கதை எதற்காகச் சொல்லப்பட்டதோ அந்த நெய் அங்கேதான் இருக்கிறது. நானோ கதை முடிந்த சிரிப்பிலேயே இருந்து, அந்த வாக்கியத்தைத் தொடர்ந்து தவறவிட்டிருக்கிறேன்.

பதினான்காம் வாரத்தில் பேனா திரும்ப வந்தது, கட்டுப்பாட்டோடு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் வகுத்த முறையில் தாளை மூன்றாகப் பிரித்தேன்: வலப்பக்கம் குறிப்புக்கு, இடப்பக்கத்துக் குறுகிய பத்தி பிறகு எழுதும் கேள்விகளுக்கு, கீழே சுருக்கத்துக்குச் சிறிது இடம். பேச்சாளர் ஒரு கருத்தை முடித்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியில் மட்டும், ஒரு வரிக்கு மிகாமல், என் சொற்களில் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். 45 நிமிட உரைக்கு இப்போது 12 முதல் 15 வரிகள் வருகின்றன. அன்றிரவு குறிப்பைப் பாராமல் இடப்பத்தியின் கேள்விகளுக்கு வாய்விட்டு விடை சொல்வேன். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இல் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து அளந்து காட்டியது, மறதி தொடக்கத்தில்தான் மிக வேகமாக நிகழ்கிறது என்பது. அதனால் அந்த முதல் இரவைத் தவறவிடுவதில்லை. திரும்ப வாசிப்பதைவிடத் திரும்ப நினைவுகூர்வதையே நான் தேர்ந்ததற்கு உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனை காரணம். படித்து ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவுகூர்ந்து பார்த்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். நன்னூலின் பசு செய்வதும் இதுவே. கிடைத்த இடத்தில் வயிறார மேய்ந்துவிட்டு, ஓரிடத்தில் இருந்து அசைபோடுவது.

கடைசி ஐந்து வாரங்களின் கணக்கு: ஐந்து உரைகளில் நான்கின் மையக் கருத்து சரி, 29 காரணங்களில் உடனே வந்தவை 21, மறுநாள் 19. விலகல் கோடுகள் உரைக்கு 8 அல்லது 9 ஆகக் குறைந்திருக்கின்றன. அதற்குக் கீழே இறங்க மறுக்கின்றன. குட்டிக்கதைகள் இப்போது பாதிக்குமேல் மறந்துபோகின்றன, அதில் எனக்குச் சிறு வருத்தமும் உண்டு.

நேரில் கேட்ட உரைகளில் முன்னேற்றம் இதைவிடக் குறைவு. முன்வரிசையில் அமர்வது, கைப்பேசியை அணைத்துப் பையில் வைப்பது போன்றவை தெரிந்தவையே, உதவுகின்றன. எனக்கு நேர்ந்த இடையூறு கேள்வி நேரம். நல்ல கேள்வி ஒன்று கேட்க வேண்டும் என்னும் ஆசையில், கடைசிப் பதினைந்து நிமிடங்களை வாக்கியம் அமைப்பதில் செலவிட்டிருக்கிறேன். ஒருமுறை எழுந்து கேட்டபோது, "அதைத்தானே இப்போது சொன்னேன்" என்றார் பேச்சாளர். அதன்பின், கைதட்டல் ஓயும்வரை கேள்வியை உருவாக்குவதில்லை. இதனால் பல கூட்டங்களில் கேள்வி கேட்காமலேயே திரும்பியிருக்கிறேன்.

பதினெட்டாம் வாரத்தில், தொடக்கத்தில் சொன்ன அதே தோழியுடன் ஓர் உரைக்குப் போனேன். வெளியே வந்ததும் இருவரும் தனித்தனியாக மையக் கருத்தை எழுதி, தாள்களை மாற்றிக்கொண்டோம். மூன்று காரணங்கள் ஒத்துப்போயின. நான்காவதாக நான் எழுதியிருந்தது பேச்சாளர் மறுத்த கருத்து என்றாள் அவள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து ஒலிப்பதிவு வெளியானபோது, 31ஆம் நிமிடத்தில் ஏறக்குறைய அரை நிமிடம் நீண்ட ஒரு வாக்கியத்தின் கடைசியில் அந்த "என்பார்கள்" இருந்தது. அடுத்த நான்கு வாரங்களுக்கு, பட்டிமன்ற நடுவர்களின் தீர்ப்புரைகளை மட்டும் கேட்பதாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இரு அணியின் வாதங்களையும் மாறி மாறி எடுத்துச் சொல்லி, கடைசியில் ஒன்றைத் தள்ளும் பேச்சு வேறெங்கும் அவ்வளவு அடர்த்தியாகக் கிடைப்பதில்லை.