பூச்சி மணல்

ஜனவரி 9

கடலடியில் சங்கு எங்கெங்கே வாழும் என்று கணித்து வரைபடம் போடுவதுதான் என் ஆய்வு. வாடைக்காற்று கொஞ்சம் அடங்கியதால் கடலடி மண் எடுக்க இன்று தூத்துக்குடியிலிருந்து வள்ளத்தில் கிளம்பினோம். கிராப் என்று நாங்கள் சொல்வது இரண்டு தாடை உள்ள இரும்புக் கவ்வி. கயிற்றில் இறக்கினால், தரையில் முட்டியதும் வாயை மூடிக்கொண்டு 0.1 சதுர மீட்டர் மண்ணை அள்ளி வரும். வர வேண்டும். முதல் மூன்று தடவையும் சிப்பிச் சில்லு தாடையிடுக்கில் மாட்டி, மண் முழுக்க வழியிலேயே ஒழுகிவிட்டது. “பாருக்கு மேல போட்டா அப்படித்தான் தம்பி, தள்ளிப் போடு” என்றார் வள்ளக்காரர் அண்ணாச்சி. முன்னாள் சங்குகுளிகாரர். பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. ஒரு காலத்தில் முத்துச்சிப்பி அப்பிக் கிடந்த இடம்.

ஜனவரி 12

0.5 மில்லிமீட்டர் சல்லடையில் மண்ணை அலசி, மிஞ்சியதை ஃபார்மலினில் போட்டு ரோஸ் பெங்கால் சாயம் ஊற்றினேன். உயிர் இருந்ததெல்லாம் ரோஸாகிவிடும். இடுக்கியால் ஒவ்வொரு புழுவாகப் பொறுக்கியதில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு பாட்டிலில் லேபிள் அழிந்துவிட்டது. பென்சிலில் எழுதச் சொல்லியிருந்தார்கள், நான் பேனாவில் எழுதினேன். அந்தப் பாட்டில் மண் வீணாய்ப் போச்சு.

ஜனவரி 29

முதல் ரேண்டம் ஃபாரஸ்ட் மாடல். கொடுத்த தரவிலிருந்து கணினி தானே கற்றுக்கொண்டு கணிக்கும் முறை. சங்கு கிடைத்த இடங்கள் குளிகாரர்கள் சொன்னவை. ஒப்பிட, கடலில் சும்மா சிதறவிட்ட புள்ளிகள். ஏ.யூ.சி., அதாவது சங்கு உள்ள இடத்தை மாடல் எவ்வளவு நன்றாகப் பிரித்தறிகிறது என்று காட்டும் எண், 0.92! 1 என்றால் முழுச்சரி, 0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம், ஆகவே துள்ளிக் குதித்தேன். வரைபடத்தைக் கைப்பேசியின் முகப்பில்கூட வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 3

என் ஆய்வு வழிகாட்டி சார் ஒரே கேள்விதான் கேட்டார்: “சோதனைக்குப் புள்ளிகளை எப்படிப் பிரித்தாய்?” குலுக்கல் முறையில். அங்கேதான் கோளாறு. கடலடியில் பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு புள்ளியில் படித்துவிட்டு 300 மீட்டர் தள்ளியுள்ள புள்ளியில் பரீட்சை எழுதினால் அது பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது மாதிரிதான். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்தை முழுசாக மறைத்து வைத்துச் சோதித்தேன். 0.66.

இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. மாடல் அதிகம் நம்பியது கரையிலிருந்து உள்ள தூரத்தை. குளிகாரர்கள் கட்டுப்படியாகும் தூரம்தான் போவார்கள். அவர்கள் போகாத இடத்தையெல்லாம் நான் ‘சங்கு இல்லை’ என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். மாடல் சங்கைக் கற்கவில்லை, டீசல் விலையைக் கற்றிருக்கிறது. கைப்பேசி முகப்பை மாற்றினேன்.

பிப்ரவரி 16

ஒப்பீட்டுப் புள்ளிகளை வள்ளங்கள் போகும் பரப்புக்குள்ளேயே எடுத்தேன். எண் பெரிதாக ஏறவில்லை, ஆனால் வரைபடம் பொய் சொல்வதை நிறுத்தியது. ஆழத்துக்கு நான் வைத்திருப்பது ஜெப்கோ என்ற உலகக் கடலாழ வரைபடத்தின் கட்டம். ஒரு கட்டம் கிட்டத்தட்ட 450 மீட்டர். சின்னப் பார் ஒன்று அதற்குள் அடையாளமில்லாமல் அமுங்கிவிடும்.

முத்துச்சிப்பிக்கும் இதே மாடலைப் போட்டால் என்ன என்று சாயங்காலம் யோசித்தேன். போடக்கூடாது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல். தொலையாயிரம் பார் என்ற பழைய முத்துப்பார் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் குஞ்சுகள் வாரக்கணக்கில் நீரில் மிதந்து எங்கெங்கோ போய் ஒட்டுகிற உயிர் அது. நல்ல பாரும் வருஷக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமையைப் பார்த்து ‘தகுதியில்லாத இடம்’ என்று மாடல் எழுதிவிடும்.

பிப்ரவரி 24

அண்ணாச்சியிடம் வரைபடத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுல பூச்சி மணல் எங்க?” என்றார்.

பொடியான, கொஞ்சம் சேறு கலந்த, புழு நிறைய உள்ள மணலுக்குக் குளிகாரர்கள் வைத்த பெயர் அது. சங்கு தின்பது அந்தப் புழுக்களைத்தான். நான் ஆழம், வெப்பம், உப்பு, பச்சையம் எல்லாம் போட்டேன். ஒரு மாதமாக ரோஸ் சாயத்தில் எண்ணிவைத்த சங்கின் சாப்பாட்டைப் போடவில்லை.

மார்ச் 3

போட்டேன். மறைத்துவைத்த கட்டங்களில் 0.79. சரி, ஆனால் புழு எண்ணிக்கை கிராப் இறங்கிய இடத்தில் மட்டுமே உண்டு, செயற்கைக்கோள் தராது. மொத்த வரைபடத்துக்கு முதலில் புழுவுக்கு ஒரு மாடல் வேண்டும், அதன் பிழை சங்கு மாடலுக்குள் வந்து சேரும். சார் யோசிக்கிறேன் என்றார்.

இதற்கிடையில் பூச்சி மணல் இருக்கும் ஒன்பது இடங்களை அண்ணாச்சியிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். ஜி.பி.எஸ். எண் எதுவும் இல்லை. முதல் இடம்: “பனிமய மாதா கோயில் கோபுரத்துக்கு நேர்ல அனல்மின் நிலையப் புகைபோக்கி வரணும், ஏழு பாகம் ஆழம்.” பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். நாளை விடியற்காலை நாலு மணிக்கு வள்ளம். லேபிளெல்லாம் பென்சிலில் எழுதி வைத்துவிட்டேன்.