சாலிஷ் மக்கள் கேட்டு வாங்கிய கோவில்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் கிளேசியர் பூங்காவோடு திரும்பிவிடுகிறார்கள். தெற்கே இறங்கி, பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் ஸ்டீவன்ஸ்வில் என்ற சின்ன ஊருக்கும் போய் வாருங்கள். அங்கேதான் புனித மரியாள் மிஷன் இருக்கிறது.

இந்தக் கோவிலைச் சாலிஷ் பழங்குடி மக்களே கேட்டு வாங்கினார்கள், என்னை அங்கே இழுத்ததும் அதுதான். கிழக்கிலிருந்து வந்து தங்களோடு கலந்துவிட்ட இரோக்குவா மக்கள் மூலம் 'கருப்பு அங்கிக்காரர்கள்' பற்றிக் கேள்விப்பட்டு, அந்தக் குருக்களை அனுப்பச் சொல்லி 1831 முதல் 1839 வரை நான்கு தடவை செயின்ட் லூயிஸுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். முதலில் போனவர்களில் இருவர் அந்த ஊரிலேயே நோயில் இறந்தார்கள், 1837இல் புறப்பட்டவர்கள் வழியில் கொல்லப்பட்டார்கள், அப்படியும் 1839இல் இன்னும் இருவர் கிளம்பினார்கள். என்ன விசுவாசம் இது!

1841இல் சேசு சபைக் குரு டி ஸ்மெட் தோழர்களோடு வந்து மிஷனைத் தொடங்கினார். கூட வந்த மெங்கரினி சாமியார் சாலிஷ் மொழியைக் கற்று இலக்கணமே எழுதினார் (அவரும் இத்தாலியர், அதே சபை, நம் வீரமாமுனிவர் நினைவு வராமல் இருக்குமா). ஆனால் எதிரிகளான பிளாக்ஃபீட் மக்களிடமும் டி ஸ்மெட் போனது சாலிஷ்களின் மனதைப் புண்படுத்தியது, பிளாக்ஃபீட் தாக்குதலும் ஓயவில்லை, 1850இல் மிஷனை மூடி 250 டாலருக்கு விற்றுவிட்டார்கள்.

குருக்கள் திரும்பி வந்து 1866இல் கட்டியதுதான் இப்போது நிற்கும் மரச் சிற்றாலயம். உள்ளே போனதும் ரவாலி சாமியாரின் கைவேலைதான் கண்ணில் படும். குரு, மருத்துவர், தச்சர், சிற்பி எல்லாம் அவரே. அவர் 1884இல் இறந்து இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைத் தோட்டத்தில் சாலிஷ் மக்களும் துயில்கிறார்கள், அங்கே நின்று ஒரு செபமாலை சொன்னேன்.

செபத்தின் நடுவே மனம் கனத்துப் போனது. ஊரின் பெயரிலேயே இருக்கிற ஐசக் ஸ்டீவன்ஸ்தான் 1855இல் இவர்களோடு உடன்படிக்கை போட்ட ஆளுநர். குடியேறிகள் பள்ளத்தாக்கை நிறைக்க நிறைக்க, சாலிஷ்களை வடக்கே பழங்குடிகளுக்கென ஒதுக்கிய ஜோக்கோ பகுதிக்குப் போகச் சொல்லி நெருக்கினார்கள். 1872 ஒப்பந்தத்தில் தலைவர் சார்லோ ஒப்பமிடவே இல்லை, ஆனாலும் அச்சான பிரதியில் அவர் ஒப்பமிட்டதாகப் போட்டுவிட்டார்கள். பசியும் நெருக்கடியும் தாங்காமல் 1891இல் தன் மக்களோடு அவரும் கிளம்ப வேண்டியதாயிற்று. உயிரைக் கொடுத்து அழைத்து வந்த கோவிலை விட்டுவிட்டுப் போக வைத்ததும் அதே சிலுவையைக் கும்பிட்டவர்களின் அரசுதான், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மாதாவிடமும் அதையே சொன்னேன்.

சாலிஷ் மக்கள் இப்போதும் செப்டம்பரில் இங்கே திருயாத்திரை வருகிறார்கள். முடிந்தால் நீங்களும் அந்த மாதத்தில் போங்கள், வந்தவர்களில் பெரியவர் யாராவது பேசினால் பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள்.