ஹார்னெட்டைப் படம் பிடிக்க அனுமதி வாங்கிய கதை: பாடாங் செராயிலிருந்து

போர் விமானப் பயிற்சியை விமானப்படைத் தளத்துக்குள்ளேயே நின்று படம் எடுக்க அனுமதி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டால், கேமராவைத் தொடுவதற்கு முன் உங்கள் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுங்கள். அதில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். எனக்குப் படங்கள் கிடைத்துவிட்டன, நல்ல படங்கள்தான். ஆனாலும் அதற்கு முன் பட்ட அலைச்சலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நம் பிள்ளைகள் யாரும் இதே இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு ஜெட் சத்தம் புதிதல்ல. பட்டர்வொர்த் தளம் 1988இல் மலேசிய விமானப்படையின் கைக்கு வருவதற்கு முன் ஆஸ்திரேலியர்களின் மிராஜ் விமானங்கள் அங்கே இருந்தன. பால்மரத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததாக அப்பா சொல்வார். நான் பார்த்து வளர்ந்தது 1997இல் வந்த எட்டு ஹார்னெட் போர் விமானங்களை. 2014இல் கோப் தௌஃபான் என்ற மலேசிய-அமெரிக்கக் கூட்டுப் பயிற்சிக்காக அமெரிக்காவின் எஃப்-22 ராப்டர் பட்டர்வொர்த்துக்கே வந்தபோது என் கையில் ஒரு மலிவான கைபேசிதான் இருந்தது. அந்த ஏக்கம் பல வருடம் போகவில்லை. அதனால், 1971இல் ஏற்பட்ட ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டின் கீழ் நடக்கும் கூட்டுப் பயிற்சி ஒன்றில் ஊடகத்தினரோடு பதிவு செய்த படப்பிடிப்பாளர்கள் சிலரையும் காலை வேளையில் உள்ளே விடுகிறார்கள் என்று நண்பர் சொன்னதும், எப்படியாவது போயே தீருவது என்று முடிவு செய்தேன்.

கேட்ட காகிதங்கள் இவை: ஐசி நகல், காடி (கார்) எண், கேமரா மற்றும் லென்ஸின் வரிசை எண்கள், முதலாளியின் உறுதிக் கடிதம். முதல் மூன்றும் ஒரே மாலையில் முடிந்தன. கடிதம்தான் இழுத்தது.

நான் செம்பனை ஆலை ஒன்றின் பட்டறையில் வேலை செய்கிறேன். அலுவலகத்துப் பெரிய கிராணியிடம் (எழுத்தரிடம்) போய்க் கேட்டேன். "தம்பி, இது ராணுவ விஷயம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ஆலை பேருதான் முதல்ல வரும்" என்றார். அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தளத்து வேலியில் தொங்கும் சிவப்புப் பலகையை, துப்பாக்கி நீட்டிய காவலர் படத்தோடு, நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதற்குப் பின்னால் 1959ஆம் ஆண்டின் தடைசெய்யப்பட்ட இடங்கள் சட்டம் இருக்கிறது. 1972இன் அதிகாரபூர்வ ரகசியச் சட்டமும் இருக்கிறது. அதற்காகத்தான் அனுமதியோடு போகிறேன் அண்ணே என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். மேனேஜர் கேஎல் (கோலாலம்பூர்) போயிருக்கிறார், வந்ததும் பார்க்கலாம் என்றார். மேனேஜர் வந்து, வாசித்து, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்புறம் பார்த்தால், ஆலையின் சாப்பு (முத்திரை) கிராணியின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது, கிராணி வீட்டுக்குப் போய்விட்டார். சாப்பு இல்லாத கடிதத்தை யாரும் வாங்கமாட்டார்கள். கையெழுத்தும் சாப்பும் ஒரே நேரத்தில் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டு போங்கள். கடிதம் மலாயில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ஐசி எண்ணும், எதற்காகப் போகிறீர்கள் என்பதும் அதிலேயே வர வேண்டும்.

உண்மையான தொல்லை இதற்குப் பிறகுதான் தொடங்கியது. பெயர்களைத் திரட்டித் தளத்துக்கு அனுப்பும் வேலை வெளியே ஓர் அலுவலகத்திடம் இருந்தது. பெயர் வேண்டாம். அவர்களுடைய பதிவுப் படிவம் சாய்கோட்டை ஏற்காது. நம் பெயரில் இன்னாரின் மகன், மகள் என்று காட்டும் ஏ/எல், ஏ/பி இருக்கிறதே, என்ன செய்வது? இதற்காகவே பினாங்குத் தீவுக்கு நேரில் போய்க் காகிதங்களைக் கொடுத்து, ஐசியில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார்கள். வந்த உறுதிச் சீட்டில் அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால், நடுவில் ஏ/எல்லைக் காணோம். தொலைபேசியில் கூப்பிட்டால், "அதெல்லாம் பிரச்சினை இல்லை சார், எல்லாருக்கும் இப்படித்தான்" என்று பதில். அதையே எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். பதிலே வரவில்லை.

பிரச்சினை இல்லை என்றவர்கள் வாசலில் நிற்கப் போவதில்லை, நான்தான் நின்றேன். காவலுக்கு இருந்த வீரர் பட்டியலைப் பார்த்தார், ஐசியைப் பார்த்தார், மறுபடியும் பட்டியலைப் பார்த்தார். இரண்டு பெயரும் ஒன்றில்லை. அவர் உள்ளே தொலைபேசியில் கேட்டார். காத்திருக்கச் சொல்லி, தண்ணீர் போத்தல் ஒன்றும் கொடுத்தார். அவர் மீது எனக்குக் கோபமே இல்லை; அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். என்னோடு வந்தவர்கள் எல்லாரும் உள்ளே போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஹார்னெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும் சத்தம் நெஞ்சில் அதிர்ந்தது. பையில் தூரத்தைக் கிட்டே இழுக்கும் 150-600 மிமீ லென்ஸ் இருக்கிறது, வெளியே எடுக்க முடியாது. அந்தப் பலகைக்கு எதிரே கேமராவைத் தூக்கினால் அது வேறு வழக்காகிவிடும். கடைசியில் திரும்பிப் போகச் சொன்னார்கள். கூலிம் நெடுஞ்சாலையில் வீடு திரும்பியபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

அன்று இரவே தளத்தின் மக்கள் தொடர்பு அதிகாரிக்கு நேரடியாக எழுதினேன். பட்டியலில் உள்ள பெயரையும் ஐசியில் உள்ள பெயரையும் மேலும் கீழுமாகத் தட்டச்சு செய்து, இருவரும் ஒருவரே என்று ஒரு வரி சேர்த்து, ஐசி நகலையும் கடிதத்தையும் இணைத்தேன். சுருக்கமான, மரியாதையான பதில் வந்தது: திருத்திவிட்டோம், அடுத்த அமர்வுக்கு வாருங்கள். இவ்வளவுதான். நடுவில் உள்ளவர்கள் செய்யாததை ஓர் அதிகாரி ஒரே பதிலில் செய்து முடித்தார். ஏ/எல், ஏ/பி உள்ளவர்கள் எல்லாரும் இந்த மேலும்-கீழும் காகிதத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். பிரதி ஒன்று காடியிலும் இருக்கட்டும்.

உள்ளே போன பிறகு நடந்தது சுகமான கதை. ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: ஆகாயச் சண்டை உங்கள் கண்ணில் படாது. அது கரையிலிருந்து வெகு தொலைவில், கடலுக்கு மேலே நடக்கிறது. நமக்குக் கிடைப்பது புறப்பாடும் திரும்பி வருவதும்தான். புறப்பாட்டை எல்லாரும் எடுப்பார்கள். நீங்கள் திரும்பி வருவதற்குத் தயாராக இருங்கள். அணியாக ஓடுபாதைக்கு மேலே வந்து, ஒவ்வொன்றாகச் சட்டென்று சரிந்து பிரியும். எந்தப் பக்கம் திரும்புகின்றனவோ அந்தப் பக்கத்தில் நின்றால்தான் விமானத்தின் மேல்பகுதி தெரியும். எதிர்ப்பக்கத்தில் வயிறு மட்டுமே. அந்தத் திருப்பத்தில் இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறைந்து, நம் ஊர் ஈரக்காற்று வெள்ளைப் பஞ்சாகத் திரளும். வறண்ட நாட்டுக்காரர்களுக்கு இது எளிதில் கிடைக்காது.

ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1600 வைத்தேன். ஹெலிகாப்டரும் ஹெர்குலிஸ் சரக்கு விமானமும் வந்தால் 1/200 அளவுக்கு இறக்குங்கள்; இல்லாவிட்டால் சுழலும் இறக்கைகள் உறைந்துபோய், விமானம் நூலில் தொங்கும் பொம்மை மாதிரி இருக்கும். சாம்பல் வானத்தில் வெளிச்சத்தை ஒரு படி கூட்டாவிட்டால் விமானம் கறுத்துவிடும். வெயில் ஏறியதும் ஓடுபாதையில் கானல் ஆடும். அதற்கு எந்த விலை லென்ஸிலும் மருந்து இல்லை, தரையில் இருப்பதை விட்டுவிட்டு மேலே இருப்பதை எடுங்கள். ஏர்கோன் போட்ட காடியிலிருந்து லென்ஸை நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி படியும். பையை முன்கூட்டியே பின்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஏவுகணைகளைக் கிட்டத்தில் எடுத்தால், நீலப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நீலம் என்றால் பயிற்சிக்கானது, வெடிக்காது.

வெளியே வரும்போது கேமராக்களைப் பார்த்தார்கள். பின்னணியில் கொட்டகைகளும் காவல் இடங்களும் விழுந்த படங்களை அழிக்கச் சொன்னார்கள். என் பக்கத்தில் நின்ற பெரியவருக்கு அருமையான தரைப்படங்கள் சில போயின. முகம் வாடிவிட்டது அவருக்கு. ஜிபிஎஸ் பதிவையும் அணைக்கச் சொன்னார்கள், அதை வீட்டிலேயே செய்துவிட்டுப் போங்கள். பின்னால் வானம் மட்டுமே இருந்த என் படங்கள் ஒன்றுகூட அழியவில்லை. ஹார்னெட் சரிந்து, இரண்டு இறக்கையிலும் வெள்ளை திரண்டு, முன்னிருக்கை விமானியின் தலைக்கவசம் எங்களை நோக்கித் திரும்பியிருந்த அந்தப் படத்தை அதிகாரி சற்று நேரம் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று கேட்டார். அனுப்பிவிட்டேன்.