பட்ஜெட்டில் பெயர் வந்தால் போதாது: ஒரு நகர்மன்ற உறுப்பினரின் அனுபவக் குறிப்புகள்

நகராட்சி பட்ஜெட் புத்தகம் மார்ச் மாதம் கைக்கு வரும்போது அதில் மாற்றக்கூடியது மிகக் குறைவு. தொகைகள் நவம்பர், டிசம்பரிலேயே கணக்குப் பிரிவிலும் பொறியியல் பிரிவிலும் உருவாகிவிடுகின்றன. வார்டில் ஒரு வடிகாலோ சந்தைக் கட்டடமோ நடக்க வேண்டுமென்றால் கவுன்சிலர் அந்த இரண்டு மாதங்களில் அலுவலகப் படியேற வேண்டும். 2022 மார்ச் 2-இல் பொறுப்பேற்ற எங்கள் மன்றத்தில் பட்ஜெட்டும் தினசரிச் சந்தையை இடித்துக் கட்டும் வேலையும் எப்படி நகர்ந்தன, எங்கெங்கே சிக்கும் என்பதை அடுத்து வரப்போகிற உறுப்பினர்களுக்காக எழுதிவைக்கிறேன். இது நகராட்சிகளுக்குப் பொருந்தும். மாநகராட்சிகளில் மண்டலக் குழு, நிலைக்குழு என்று இடையில் இன்னும் சில படிகள் உண்டு.

முதலில் நிதிக் கணக்குகளைப் புரிந்துகொள்ள வேண்டும். நகராட்சியின் பணம் வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று தனித்தனிக் கணக்குகளில் இருக்கிறது. மக்கள் கட்டும் சொத்து வரியே இவற்றுக்குப் பிரித்துத்தான் வரவு வைக்கப்படுகிறது. கல்வி நிதியில் எவ்வளவு இருந்தாலும் தெருவுக்குத் தார் போட முடியாது; பள்ளிக்கு வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர் கேட்டால் கிடைக்கும். ஆனால் பெரும்பாலான மனுக்கள் சாலைக்குத்தான் வருகின்றன. கவுன்சிலர்களும் சாலையைத்தான் கேட்கிறோம். பிள்ளைகள் கதவில்லாத கழிப்பறைக்குப் போகும்போது கல்வி நிதி வங்கியில் கிடப்பது எனக்கு ஏற்க முடியாத காரியம். கேட்டால் மறுக்க முடியாத தொகை இது. முதல் மனுவை இதற்குக் கொடுங்கள்.

பட்ஜெட்டின் ஒவ்வொரு தலைப்பிலும் முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று எண்கள் வரிசையாக இருக்கும். வரும் ஆண்டின் எண்ணைக் கடைசியில் பாருங்கள். சாலைப் பராமரிப்புக்குப் போன ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு என்ற இடைவெளிதான் நகராட்சியின் உண்மையான கொள்ளளவைக் காட்டும். மூன்று ஆண்டாக 40 லட்சம் ஒதுக்கி 15 லட்சம் செலவு செய்த தலைப்பில் இந்த ஆண்டு 60 லட்சம் என்று எழுதியிருந்தால், அந்த 60 லட்சம் வெறும் எழுத்து.

கடைசிப் பக்கத்து உபரியையும் அப்படியே நம்பக் கூடாது. தொடக்க இருப்பில் திட்டப் பணமும் சேர்ந்திருக்கும். மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு (2021-26) மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. அதை உபரியாகக் காட்டலாம், வேறு வேலைக்குத் தொட முடியாது. மாநில நிதிக்குழு மானியமும் முழுத் தொகையாகக் கைக்கு வருவதில்லை. கடன் தவணை போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு மீதிதான் வரும். ஊதியம், ஓய்வூதியம், தெருவிளக்கு மின்கட்டணம், குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது, குப்பை ஒப்பந்ததாரர் பில், இவை கட்டாயச் செலவுகள். இவற்றைக் கழித்த பிறகு நிற்கும் தொகைதான் மன்றம் முடிவு செய்யும் பணம். அது எவ்வளவு என்று கணக்கரிடம் நேரடியாகக் கேட்டால் சொல்வார்.

வரவுப் பக்கத்தில் பார்க்க வேண்டியது கேட்பு (அந்த ஆண்டு வர வேண்டிய வரி), வசூல், நிலுவை அட்டவணை. 2022-இல் சொத்து வரி உயர்ந்தபோது எல்லா வார்டிலும் திட்டு விழுந்தது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதமும் உயர்வு. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் வளர வேண்டும் என்பதை 15-ஆவது நிதிக்குழு தன் மானியத்துக்கான நிபந்தனையாக வைத்திருந்தது. இதைத் தெருவில் நின்று சொல்லத் தயங்கக் கூடாது. அதோடு, பழைய நிலுவையைப் பெரிய கட்டடங்களிடமிருந்து வசூலித்தார்களா, மாடி கட்டிப் பல ஆண்டாகியும் தரைத்தளத்துக்கு மட்டும் வரி போட்டிருக்கிறார்களா, காலிமனைகள் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்று மன்றத்தில் கேட்க வேண்டும். ஒழுங்காகக் கட்டுகிறவர் மேலேயே சுமை ஏறுவது அநியாயம். அதைத் தடுக்கும் வழி இந்த அட்டவணையில்தான் இருக்கிறது.

வார்டு வேலைக்கு நான் பின்பற்றும் வரிசை இது. நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் கோரிக்கையைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்வேன். வாய்வார்த்தையாகச் சொன்னது கோப்பில் நிற்காது. பதிவேட்டு நகலோடு பொறியாளரிடம் மதிப்பீடு கேட்பேன். மதிப்பீடு வந்ததும் என் முதல் கேள்வி, "சார், இதுக்கு எந்த ஃபண்டு?" என்பதுதான். "பொது நிதியில் பார்க்கலாம் மேடம்" என்றால் வேலை நடக்காது என்று வைத்துக்கொள்ளலாம். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், நிதிக்குழு மானியம், நமக்கு நாமே என்று திட்டத்தின் பெயரே பதிலாக வர வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு தேவை. வணிகர் சங்கமோ குடியிருப்போர் சங்கமோ வலுவாக இருக்கும் தெருவுக்கு அது சரி. ஏழை மக்கள் வாழும் தெருவை அந்தத் திட்டத்துக்குத் தள்ளிவிட அனுமதிக்கவே கூடாது.

மதிப்பீட்டைப் படிக்கப் பொறியியல் தெரிய வேண்டியதில்லை. 200 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம் கான்கிரீட் சாலை என்றால் 700 சதுர மீட்டர். 15 செ.மீ. கனம் என்றால் 105 கனமீட்டர் கான்கிரீட். மதிப்பீட்டில் இந்த எண் வருகிறதா என்று பாருங்கள். பிறகு தெருவில் நாடா பிடித்து அளந்து பாருங்கள். ஓர் இடத்தில் அகலம் 2.8 மீட்டராகக் குறுகும். மதிப்பீட்டில் அது 3.5 ஆகவே இருந்தால் அந்த வித்தியாசம் எங்கே போகும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பழைய சாலையைச் சுரண்டி எடுக்கும் வேலை தனி வரியாக இருக்கிறதா என்பதும் முக்கியம். சுரண்டாமல் மேலே மேலே போட்டு வீடுகளைப் பள்ளமாக்கக் கூடாது என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். ஆனாலும் மதிப்பீட்டில் அந்த வரி இல்லையென்றால் ஒப்பந்ததாரர் அதைச் செய்ய மாட்டார், மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். பாதாளச் சாக்கடையும் குடிநீர் இணைப்பும் முடியாத தெருவில் சாலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கச் சொல்வதும் கவுன்சிலரின் வேலைதான், அதற்காகத் திட்டு வாங்கினாலும்.

மன்றப் பொருளுக்கு வருவோம். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அலுவலகக் குறிப்பு இருக்கும். தலைப்பைவிட அதுதான் முக்கியம். "மன்றத்தின் அனுமதியை எதிர்நோக்கி" ஏற்கெனவே செய்துவிட்ட செலவுகள் தொகுப்பாக வரும். அவற்றில் அவசரமில்லாதது எது என்று தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். எதிர்ப்பு இருந்தால் எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் விதிகளும் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தன. பழைய 1920 சட்டத்தின் பிரிவை மேற்கோள் காட்டினால் எதிர்ப்பு அங்கேயே அடிபட்டுப் போகும்.

இனி சந்தை. பழைய தினசரிச் சந்தையை இடித்துப் புதிதாகக் கட்டும் தீர்மானம் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும்: கட்டடம் பழுதடைந்துள்ளது, உறுதித்தன்மை இல்லை, இடிக்கவும் விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கவும் மன்றம் அனுமதிக்கலாம். இதற்கு யாரும் எதிராகக் கை தூக்க மாட்டார்கள். பிரச்சினை முழுவதும் அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டவற்றில் இருக்கிறது. தீர்மானத்திலேயே சேர்க்க வைக்க வேண்டியவை என்று நான் கருதுவதைச் சொல்கிறேன்.

கடைக்காரர் பட்டியல் தீர்மானத்தின் இணைப்பாக வர வேண்டும். நகராட்சிப் பதிவேட்டில் உரிமதாரர் ஒருவர், கடையில் உட்கார்ந்திருப்பவர் வேறொருவர் என்பது எல்லாச் சந்தையிலும் உண்டு. உள்வாடகைக்கு இருபது ஆண்டாகக் காய்கறி விற்கும் அம்மாவின் பெயர் எங்குமே இருக்காது. இடித்த பிறகு புதுக்கடை கேட்டு உரிமதாரரின் வாரிசுகள் வருவார்கள், காய்கறி விற்ற அம்மா தெருவில் நிற்பார். இடிப்பதற்கு முன் கடை கடையாகப் போய், எண், அளவு, உட்கார்ந்திருப்பவர், வாடகை நிலுவை, என்ன சரக்கு என்று புகைப்படத்தோடு பதிவு செய்ய வைப்பது ஒன்றுதான் இதற்கு வழி.

அடுத்தது தற்காலிக இடம். தகரக் கொட்டகைக்குத் தொகை ஒதுக்கியிருப்பார்கள். கழிப்பறை, தண்ணீர், மின் இணைப்பு, மீன் கழுவும் தண்ணீர் போக வடிகால், சரக்கு வண்டி திரும்ப இடம் இவற்றுக்கு இருக்காது. இவை மதிப்பீட்டில் தனித்தனி வரியாக வர வேண்டும். பழைய இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. திருச்சியில் காந்தி மார்க்கெட் வியாபாரிகளுக்காக ஊருக்கு வெளியே கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் ஆயிரம் கடைகளோடு ஒரு வளாகம் கட்டி 2017-இல் திறந்தார்கள். தூரம் அதிகம், கடைகள் சிறியவை என்று வியாபாரிகள் போகவில்லை. கட்டுவதற்கு முன்பே அவர்களை உட்காரவைத்துப் பேசியிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விஷயங்கள் இவை.

வரைபடத்தைக் கடைக்காரர்களோடு சேர்ந்து பாருங்கள். புது வளாகத்தில் படிக்கட்டும் நடைபாதையும் வாகன நிறுத்தமும் இடத்தைத் தின்றுவிடும். பழைய பத்துக்குப் பத்து கடை எட்டுக்கு எட்டாகச் சுருங்கும். எண்ணிக்கையைச் சரிக்கட்ட முதல் மாடி போடுவார்கள். காய்கறி வாங்க மாடிக்கு யாரும் ஏறுவதில்லை. முதல் மாடியில் நகராட்சி வரிவசூல் மையம், நூலகம், தையல் கடை, சரக்குக் கிடங்கு என்று மக்கள் வேறு வேலையாக ஏறிவரும் பயன்பாட்டை எழுத வைக்க வேண்டும்.

இதில் பணக் கணக்கும் அடங்கியிருக்கிறது. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். நகராட்சி 5 கோடி கடன் வாங்கி, 9 சதவீத வட்டியில் 15 ஆண்டில் திருப்பிக் கட்டினால் ஆண்டுக்குச் சுமார் 62 லட்சம் வேண்டும். 100 கடை, மாத வாடகை 6,000 என்றால் வருமானம் 72 லட்சம்; திட்ட அறிக்கையில் லாபம் என்று எழுதிவிடுவார்கள். மாடியில் இருக்கும் 40 கடை ஏலம் போகவில்லையென்றால் வருமானம் 43 லட்சமாகிவிடும். பற்றாக்குறை 19 லட்சத்தை வருவாய் நிதியிலிருந்து, அதாவது மற்ற வார்டுகளின் சாலை, விளக்குப் பணத்திலிருந்து ஆண்டுதோறும் கட்ட வேண்டும். பாதிக் கடை காலியாக இருந்தால் தவணை எப்படிக் கட்டப்படும் என்ற கேள்விக்குத் திட்ட அறிக்கையில் பதில் இல்லாமல் கடனுக்கான தீர்மானத்தில் கையெழுத்திடாதீர்கள். வாடகையை உயர்த்திச் சரிசெய்யலாம் என்பார்கள். வாடகையும் முன்வைப்புத் தொகையும் எகிறினால் சிறு வியாபாரி விலகுவார், மொத்தமாக ஏலம் எடுப்பவர் உள்ளே வருவார், மறுபடி உள்வாடகை தொடங்கும்.

சந்தை வாசலில் தரையில் விரித்து விற்பவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அவர்களுக்கு 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடியாமல் அப்புறப்படுத்தக் கூடாது; இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்; நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண் இருக்க வேண்டும். அந்தக் குழுவின் கூட்டக் குறிப்பைக் கோப்பில் இணைக்கச் சொல்லுங்கள். குழு கூடவே இல்லையென்றால் அது அப்போதே வெளியே வந்துவிடும்.

டெண்டர் கட்டத்தில் கவுன்சிலருக்கு வேலை குறைவு, இருப்பதும் நல்லதல்ல. டெண்டர் போடத் தரும் அவகாசத்தை மட்டும் பாருங்கள்: 2 கோடி வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். அதைக் குறைத்திருந்தால் எழுத்துப்பூர்வக் காரணம் கேளுங்கள். பணி உத்தரவு போன பிறகு, முடிந்த வேலையின் அளவை எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவதற்கு முன், அஸ்திவாரமும் கம்பிக்கட்டும் மூடப்படுவதற்கு முன், இளநிலைப் பொறியாளரோடு சேர்ந்து போய்ப் பாருங்கள். மூடிய பிறகு பார்த்தால் பூச்சு மட்டும்தான் தெரியும். ஒப்பந்ததாரரின் பில்லிலிருந்து பிடித்துவைத்த தொகையைத் திருப்பித் தரும் கோப்பு, குறைகளை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்போது வரும். அந்தக் காலத்துக்குள் வரும் வடகிழக்குப் பருவமழையில் மேல்தளம், மழைநீர்க் குழாய், மீன் கடை வடிகால் மூன்றையும் பார்த்து, கசிவு இருந்தால் புகைப்படத்தோடு ஆணையருக்குக் கடிதம் கொடுத்து, முத்திரை வைத்த நகலை வாங்கி வையுங்கள். அந்தக் கடிதம் கோப்பில் இருந்தால் கசிவைச் சரிசெய்யாமல் அந்தத் தொகையை விடுவிக்க முடியாது.