வட்டத்துக்குள்ள வட்டம், எல்லாம் களிமண்ணுல

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி 1913ல வரைஞ்ச ஒரு படம் இருக்கு, கட்டம் கட்டமா, ஒவ்வொரு கட்டத்துலயும் வட்டத்துக்குள்ள வட்டமா கலர். அத பாத்த நாள்லேந்து ஒரே அரிப்பு, இது டைல் மாதிரியே இருக்கே, செஞ்சு பாத்தா என்னன்னு. அப்படியே காப்பி அடிக்கல, வட்டத்த பாதியா உடைச்சு வச்சுக்கிட்டேன், டைல எந்தப் பக்கம் திருப்பி ஒட்டினாலும் புதுசா ஒரு டிசைன் வரும்ல.

முதல் தடவ சொதப்பல்தான். மண்ணு காஞ்சு வெந்து வரதுக்குள்ள பத்துல ஒரு பங்கு சுருங்கிடுது, அதனால 10 செ.மீ. டைல் வேணும்னா 11 செ.மீ.க்கு கொஞ்சம் கூடவே வெட்டணும். அவசரப்பட்டு வெயில்ல வேற காய வச்சேன், ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி தூக்கிக்கிச்சு. இப்ப ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு மெதுவாதான் காய விடறேன்.

ஆனா நிஜமான கூத்து கிளேஸ்லதான், அதாவது டைல் மேல பூசி சூளைல சுடற கண்ணாடி மாதிரி பூச்சுலதான். பெயிண்ட்னா பூசுற கலர் கண்ணுக்குத் தெரியும், இங்க கலருக்குப் போடற கோபால்ட் கார்பனேட் பொடி ஊதா கலந்த ரோஸா இருக்கும், சூளைலேந்து வரும்போது அடர் நீலம்! காப்பர் சாதாரணமா பச்ச, சூளைல ஆக்சிஜன் கம்மியானா அதே காப்பர் செவப்பாவும் வரும். அதனால மனசுக்குள்ளயே கலர் கற்பன பண்ணிதான் தீட்டணும், எனக்கு இது ரொம்பப் புடிச்சிருக்கு.

ஒரு கலர் இன்னொண்ணுல ஓடாம இருக்க நடுவுல மெழுகு கலந்த கறுப்பு கோடு போடறேன். ரெண்டு டைல்ல மட்டும் அதையும் தாண்டி நீலம் வழிஞ்சிருச்சு, அந்த ரெண்டையும்தான் எல்லாரும் கேக்குறாங்க.