குவின்சியில் மூன்றாவது ஆடம்ஸ்

பாஸ்டனிலிருந்து குவின்சி போக ரெட் லைன் ரயில் போதும். ஆனால் 'பிரெயின்ட்ரீ' என்று பலகை போட்ட வண்டியில்தான் ஏற வேண்டும். ஜே.எஃப்.கே. நிலையம் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஆஷ்மான்ட் வண்டி குவின்சிப் பக்கமே வராது. தவறி ஏறிவிட்டால் ஜே.எஃப்.கே.யில் இறங்கி மாறிக்கொள்ளலாம். குளிர்காலத்தில் ஆடம்ஸ் குடும்ப வீடுகளைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் தேதி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கூட்டம் வருவது அப்பா ஜான் ஆடம்ஸ், மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஜனாதிபதிகளுக்காக. நான் சொல்லும் மூன்றாவது ஆடம்ஸ், ஜான் குவின்சியின் மகன் சார்லஸ் பிரான்சிஸ். வீட்டைப் பார்த்த கையோடு வண்டியேறிவிடாதீர்கள். தோட்டத்தை ஒட்டி நிற்கும் கல் நூலகம்தான் இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டியது. தன் புத்தகங்களுக்குத் தீப்பிடிக்காத கட்டடம் வேண்டும் என்று ஜான் குவின்சி உயில் எழுதியிருந்தார். குடும்ப வீடோ மரவீடு. அதனால் மகன் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் 1870இல் தனியாகக் கல்லில் கட்டினார். உள்ளே தரையிலிருந்து கூரைவரை அலமாரிகள், 12,000க்கும் மேற்பட்ட புத்தகங்கள். அப்பாவின் நாட்குறிப்பை 12 தொகுதிகளாகப் பதிப்பித்ததும் இவரே.

சார்லஸ் பிரான்சிஸ் 1848இல், அடிமைமுறை புதிய பகுதிகளுக்குப் பரவுவதை எதிர்த்த ஃப்ரீ சாயில் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்று தோற்றவர். பெயர் நின்றது லண்டனில். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்த நேரத்தில், லிங்கன் அனுப்பிய தூதராக 1861 மே 13 அன்று அங்கே போய்ச் சேர்ந்தார். அந்தப் போரில் எந்தப் பக்கமும் சேர மாட்டோம் என்று பிரிட்டன் நடுநிலைப் பிரகடனம் வெளியிட்டதும் அன்றுதான். பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்காக லிவர்பூல் அருகே கட்டப்பட்ட 'அலபாமா' கப்பலைத் தடுக்க, அங்கிருந்த அமெரிக்கத் துணைத்தூதர் டட்லி திரட்டிய சாட்சியங்களை பிரிட்டிஷ் அரசிடம் கொடுத்தார். அவை கருத்துக் கேட்டு அரசு வழக்கறிஞர் ஹார்டிங்கிடம் போயின. அவருக்கோ அப்போது மனநலம் குலைந்திருந்தது. காகிதங்கள் சில நாட்கள் அவரிடமே கிடந்தன, 1862 ஜூலையில் கப்பல் நழுவிவிட்டது. அது பிடித்த வடக்கின் கப்பல்கள் 60க்கும் மேல்.

அடுத்த வருஷம் அதே தெற்குக்காக லேர்ட் கம்பெனி கட்டிய இரண்டு கவசக் கப்பல்கள். அவை கிளம்பினால் போர்தான் என்று 1863 செப்டம்பர் 5இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸலுக்கு சார்லஸ் பிரான்சிஸ் எழுதினார். அந்தக் கடிதம்தான் காரியத்தை முடித்தது என்பார்கள். உண்மையில் இரண்டு நாள் முன்பே, கப்பல்களை நிறுத்தச் சொல்லி ரஸ்ஸல் உத்தரவிட்டிருந்தார். என்னைக் கேட்டால் சார்லஸ் பிரான்சிஸின் பெரிய காரியம், அலபாமா விவகாரத்தில் அமெரிக்கா கேட்ட நஷ்டஈட்டை விசாரித்த 1872 ஜெனீவா நடுவர் மன்றம்தான். முறியவிருந்த விசாரணையைக் காப்பாற்றியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. அலபாமா போன்ற கப்பல்கள் செய்த சேதத்துக்கு பிரிட்டன் 1.55 கோடி டாலர் கொடுத்தது.

ஜனாதிபதிகள் இருவரின் கல்லறைகளும் குவின்சி சென்டரில் உள்ள யுனைடெட் ஃபர்ஸ்ட் பாரிஷ் சர்ச்சின் நிலவறையில் இருக்கின்றன. சார்லஸ் பிரான்சிஸை அங்கே தேடாதீர்கள், அவர் இருப்பது மவுன்ட் வொலாஸ்டன் கல்லறைத் தோட்டத்தில்.